நீல ஜன்னல் பங்களாவிலிருந்து ஒரு பார்சல்

சென்ற வாரம் நாம் விட்ட இடத்தில், மௌரீன் அக்கா என் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்து, நான் நீட்டிய காபியைத் தொடாமல், "நீ பாத்தது அவதானா? நல்லா யோசிச்சுச் சொல்லு சரளா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நானும் "அவதான் அக்கா" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பொய் சொல்ல எனக்கென்ன வந்தது?

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்கு ஒரு வாய் விஷயம்.

பெங்களூர் லிங்கராஜபுரத்தில் எங்கள் எதிர்வீடு மௌரீன் அக்காவுடையது. கீழே அக்காவும், தபால் ஆபீஸ் பார்சல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர் கணவர் கில்பர்ட் அண்ணனும். மாடியில் மகன் சஞ்சய், மருமகள் நிருபமா. சஞ்சய் ஆபீஸ் வேலையாகப் புனே போய் ஒரு மாதமாகிறது. நிருபமா தர்மபுரிப் பெண். காதலித்துக் கட்டிக்கொண்டு வந்தவள். அக்கா அவளைச் சேர்த்துக்கொண்டார். ஆனால் சந்தேகப்படுவதை நிறுத்தவில்லை.

அக்காவின் டெவில் சட்னிதான் இந்தப் பக்கத்து அதிசயம். வெங்காயம், சிவப்பு மிளகாய், வினிகர் போட்டு, வேகவைக்காமல் அரைக்கிற சட்னி. மஞ்சள் சோறும் கோலா உருண்டைக் குழம்பும் எந்த வீட்டில் இருந்தாலும், பக்கத்தில் ஒரு கரண்டி அக்காவின் சட்னி இருக்கும். கோயில் விழாவில் அவர் ஸ்டால் போட்டால் பூசை முடிவதற்குள் பாட்டில் காலி. "கோயில் வளாகத்துக்குள்ள சாத்தானை விக்கிற தைரியம் உனக்கு மட்டும்தான் மௌரீன்" என்று ஃபாதரே சொல்லிக்கொண்டு இரண்டு பாட்டில் வாங்குவார்.

அந்தச் சட்னிதான், ரிச்சர்ட்ஸ் டவுனில் பழைய பங்களா ஒன்றை வளைத்துப் போட்டு, ஜன்னலுக்கெல்லாம் நீலப் பெயின்ட் அடித்து, காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் ஒன்றாகப் போடுகிற ஒரு பெரிய இடத்து ஹோட்டலின் மெனுவில் ஏறியிருந்தது. ஹோட்டலின் பெயர் பிரெஞ்சு. எனக்கு வாயில் நுழையாது. நீல ஜன்னல் பங்களா என்றே வைத்துக்கொள்வோம்.

அந்தப் பங்களாவின் பின்கேட்டில் நிருபமா ஸ்கூட்டரை நிறுத்தி, ஒரு துணிப்பையை உள்ளே நீட்டியதை நான் பல் டாக்டரிடமிருந்து ஆட்டோவில் திரும்பும்போது பார்த்தேன். பார்த்தேன், சொன்னேன். அவ்வளவுதான் என் பங்கு.

இனி இந்த ஞாயிற்றுக்கிழமை.

முதல் பூசை முடிந்து நான் புடவைகூட மாற்றவில்லை. அக்கா மூச்சிரைக்க மாடி ஏறி வந்துவிட்டார். கையில் பர்ஸ்.

"உங்கிட்ட சாப்பாடு வரவழைக்கிற ஆப் இருக்கில்ல? போடு."

"என்ன வேணும் அக்கா? இட்லியா?"

"நீல ஜன்னல்லேர்ந்து வரவழை. அந்தச் சட்னிய நான் நாக்குல வெச்சுப் பாக்கணும். வெச்சாத் தெரிஞ்சிடும், யாரு வித்தாங்கன்னு."

"ருசி பாத்தா சட்னிதானே தெரியும்? ஆள் எப்படித் தெரியும்?"

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் தெருவில் சமையல் பக்குவம் கேட்டால் தர மாட்டேன் என்று சொல்வது மரியாதை இல்லை. ஆகவே எல்லோரும் தருவோம். ஒன்றைக் கூட்டி, ஒன்றை ஒளித்துத் தருவோம். வாங்குகிறவருக்கும் அது தெரியும். கிறிஸ்துமஸ் பலகாரத்தில் யாருடையதும் யாருடையதைப் போலவும் வராமல் இருப்பது இதனால்தான். ஆனால் அக்கா இதை ஒரு படி மேலே கொண்டுபோயிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கேட்டவங்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பக்குவம் குடுத்திருக்கேன். நிருபமாகிட்ட வெல்லம் சேக்கணும்னு சொன்னேன். என் நாத்தனார் ஷோபாகிட்ட இஞ்சி. உங்கிட்ட கடுகுத் தூள். இப்ப அந்தச் சட்னியில வெல்லம் இருந்தா அவ. கடுகு இருந்தா..."

"அக்கா!"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். போடு, போடு."

எத்தனை கிறிஸ்துமஸுக்குக் கடுகுத் தூளை வறுத்துச் சலித்துப் போட்டிருப்பேன்! வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு போனை எடுத்தேன். சந்தேகப்படுகிறவரின் வீட்டுக்கு எதிரில் குடியிருந்தால் நாமும் அந்த வரிசையில்தான் நிற்க வேண்டும்.

"வெல்லம் இருந்தா என்ன பண்ணப் போறீங்க?"

"பண்றதென்ன, பண்ணியாச்சு. காலையிலயே சஞ்சய்கிட்டச் சொல்லிட்டேன். சந்தாபுரா வீட்டுக்கு அவளக் கூட்டிட்டுப் போயிடுன்னு."

சந்தாபுராவில் அவர்கள் வாங்கிய ஃபிளாட்டின் சாவி கைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பெயின்ட் வாசனை போகட்டும், மழை நிற்கட்டும் என்று ஏதாவது காரணம் சொல்லி அவர்களை நிறுத்தி வைத்ததே அக்காதான். நிருபமாவுக்கும் போக மனமில்லை. அவள் ஆபீஸ் நாகவாரா பக்கம். சந்தாபுராவிலிருந்து போய் வந்தால் பாதி ஆயுள் ரோட்டில் போய்விடும். அது மட்டுமில்லை, கீழ் வீட்டில் மாமனாரோடு உட்கார்ந்து தினம் ஒரு டம்ளர் டீ குடிப்பது அவளுக்குப் பிடிக்கும். அதை நான் என் பால்கனியிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

ஆக, ஒரு ஸ்பூன் சட்னி. அதில் வெல்லம் இருந்தால் நிருபமா சட்னித் திருடி என்ற பெயரோடு மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மெனுவைத் திறந்தேன். 'கன்டோன்மென்ட் பெனடிக்ட்' என்று போட்டிருந்தது. புளிப்பு ரொட்டி, அதன் மேல் வெந்நீரில் வேகவைத்த முட்டை, அதன் மேல் டெவில் சட்னி. விலையைச் சொன்னால் உங்களுக்கு மேலே படிக்கிற மனநிலை போய்விடும்.

"மஞ்சக்கரு ஓடணுமா, கெட்டியா நிக்கணுமான்னு கேக்குது அக்கா."

"எங்க ஓடும்?"

"ஓடட்டும்னு போட்டுடறேன். ஸ்பூன் வேணுமான்னும் கேக்குது. வேணாம்னா பூமிக்கு நல்லதாம்."

"நம்ம வீட்ல ஸ்பூன் இல்லியா? வேணாம்னு சொல்லு."

"உடம்புக்கு ஒத்துக்காதது ஏதாவது உண்டான்னு கேக்குது."

"துரோகம்னு எழுது."

இல்லை என்று அழுத்தினேன். கூடுதலாக ஒரு கிண்ணம் சட்னி கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைத்தது. அந்தக் கிண்ணத்தின் விலைக்கு அக்காவின் ஸ்டாலில் முழு பாட்டில் வாங்கி, மீதிக்குப் போண்டாவும் சாப்பிடலாம். அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி அந்த விலையைப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்தது. ஓரத்தில் கொஞ்சம் பெருமையும் இருந்ததாக எனக்குத் தோன்றியது.

பார்சல் கிளம்பியது. போன் திரையில் ஒரு குட்டி ஸ்கூட்டர் நகர்ந்தது. இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு அதையே பார்த்தோம். மேம்பாலத்துக்குச் சற்று முன்னால் அது நின்றது.

"ஏன் நிக்கறான்?"

"சிக்னல் அக்கா."

"சிக்னல் இல்ல. அவளுக்குப் போன் பண்றான்."

"அவனுக்கு அவ நம்பர் எப்படித் தெரியும்?"

"அதத்தான் நானும் கேக்கறேன்."

சந்தேகம் முற்றியவர்களோடு வாதம் பண்ணக் கூடாது. ஸ்கூட்டர் தானாகவே நகர்ந்தது. கொஞ்ச நேரத்தில் வாசலில் மணி அடித்தது.

"ஓடிபி ஹேளி மேடம்" என்று கன்னடத்தில் கேட்டார் கொண்டுவந்தவர். எண்ணைச் சொன்னேன். கையில் வைத்தார்.

பிளாஸ்டிக் இல்லை. மண் நிறத்தில் தடித்த காகிதம் சுற்றி, மேலே சணல் கயிற்றால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டிய பெட்டி. ஒரு பக்கம் சின்ன வளையம் தொங்கியது. பணக்காரர்களுக்குக் கயிறு என்றால் அலங்காரம். நமக்குத்தான் துணிக்கொடி கட்ட.

தெருவில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பெட்டியைத் துண்டால் மூடி எதிர்வீட்டுக்குக் கொண்டுபோனோம். அதனாலேயே தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

கில்பர்ட் அண்ணன் வீட்டில் இல்லை. இந்த வருஷம் தொடங்கியதிலிருந்து ஞாயிறுதோறும் இரண்டாம் பூசைக்கும் மூன்றாம் பூசைக்கும் ஆட்களை வரிசையாக உட்காரவைக்கிற பொறுப்பு அவருக்கு. மதியம்தான் வருவார். அவர் இருந்தாலும் ஒன்றுதான். "எப்படி இருக்கு?" என்று அக்கா கேட்டால் "ம்" என்பார். கல்யாணமான நாளிலிருந்து எல்லாச் சாப்பாட்டுக்கும் அதே "ம்". அக்காவுக்கு அது ஒரு தீராத குறை.

"நிருபமா! கீழ வாம்மா. உனக்குன்னு ஸ்பெஷலா வாங்கியிருக்கேன்."

அக்காவின் குரலில் இருந்த தேன் எனக்கே பயமாக இருந்தது. தலையில் ஈரத்துண்டோடு இறங்கி வந்த நிருபமா மேசையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். கடைசிப் படியிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளுத்தது.

அக்கா என்னைப் பார்த்தார். 'பாத்தியா?' என்றது அந்தப் பார்வை. பார்த்தேன்.

"எங்கேர்ந்துன்னு தெரியுதாம்மா?"

"தெரியுது அத்தை." கொஞ்சம் தயங்கினாள். "மாமா வரட்டுமே. அப்புறம் பிரிக்கலாம்."

"மாமா எதுக்கு? அவருக்கு ருசியா தெரியும்? மண்ணைப் போட்டாலும் 'ம்'முன்னு சாப்பிடுவாரு."

நிருபமா தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தாள். முடிச்சை அறுக்கக் கத்தரிக்கோல் எடுத்துவர அடுப்படிக்குப் போனேன். தேடிப் பிடித்துத் திரும்புவதற்குள் கயிறு அவிழ்ந்து மேசையில் கிடந்தது. அக்கா ஒரே இழுப்பில் அவிழ்த்திருந்தார். அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

உள்ளே இரண்டு ரொட்டித் துண்டு. அதன் மேல் முட்டை, பயந்த குழந்தை மாதிரி நடுங்கிக்கொண்டு. ஓரத்தில் கண் மருந்து ஊற்றுகிற அளவில் ஒரு கிண்ணம். அதில் செக்கச்செவேலென்று சட்னி.

"சாப்பிடறதுக்கு முன்னாடி ஒண்ணு கேட்டுடறேன்" என்றார் அக்கா. தேன் தீர்ந்துவிட்டது. "அந்த ஹோட்டல் பின்கேட்டுல உனக்கென்ன வேலை?"

நிருபமா என் பக்கம் திரும்பினாள். "ஆன்ட்டி சொன்னாங்களா?"

நான் கத்தரிக்கோலைக் கவனமாகத் துடைக்க ஆரம்பித்தேன்.

"யாரு சொன்னா என்ன? பையில என்ன குடுத்தே? என் சட்னியா?"

"இல்ல அத்தை."

"பின்ன?"

"என்னால சொல்ல முடியாது. சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்."

"யாருக்கு? கடைக்காரனுக்கா? இந்த வீட்ல சாப்பிட்டுட்டு, என் கையப் பாத்துக் கத்துக்கிட்டு, எவனோ ஒருத்தனுக்கு வாக்கா? பரவாயில்லம்மா. நல்லாயிரு. சந்தாபுராவுல போய் நல்லாயிரு."

நிருபமா அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "ருசி பாத்துட்டாவது சொல்லியிருக்கலாம் அத்தை" என்று மட்டும் சொன்னாள்.

அக்கா ஸ்பூனைச் சட்னியில் விட்டார். வாயில் வைத்தார். கண்ணை மூடினார்.

நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெல்லமா, இஞ்சியா, அல்லது என் விதி கடுகா?

அக்கா இன்னொரு ஸ்பூன் எடுத்தார். பிறகு கிண்ணத்தை என் பக்கம் தள்ளினார். "நீ பாரு."

பார்த்தேன். வெல்லம் இல்லை. கடுகும் இல்லை, கர்த்தருக்கு ஸ்தோத்திரம். காரத்துக்குப் பின்னால் ஒரு புளிப்பு, அந்தப் புளிப்புக்குப் பின்னால் ஒரு இனிப்பு. அக்காவின் சட்னிதான். நான் இத்தனை நாள் முயன்றும் என் வீட்டில் வராத அதே ருசி.

"ஆலுபுக்காரா" என்றார் அக்கா மெதுவாக.

"அது பாய் வீட்டுப் பிரியாணிக்குப் போடற காய்ஞ்ச பழமில்ல?"

"என் சட்னிக்கும் போடுவேன். ராத்திரி முழுக்க வினிகர்ல ஊறவெச்சு. யாருக்கும் சொன்னதில்ல. சஞ்சய்க்குத் தெரியாது. செத்துப்போன எங்கம்மாவுக்கே தெரியாது. இது எப்படி..."

"அத யாரு வாங்கிட்டு வருவாங்க அத்தை?" நிருபமா கேட்டாள். மிகவும் மெதுவாக.

"உங்க மாமாதான். சிவாஜிநகர் போறப்பல்லாம் கொண்டாருவாரு. ஆனா சட்னிக்குன்னு அவருக்குத் தெரியாதே. என் வயித்துக்குன்னு சொல்லியில்ல வாங்கிட்டு வரச் சொல்வேன். மலச்சிக்கலுக்கு..."

அக்கா பாதியில் நிறுத்தினார்.

கல்யாணமானதிலிருந்து ஒரு பெண்மணிக்கு விடாமல் மலச்சிக்கல். அதுவும் சட்னி போடுகிற வாரத்தில் மட்டும் அதிகமாகிற மலச்சிக்கல். பார்சல் பிரிவில் மேலே தடவிப் பார்த்தே உள்ளே இருப்பது என்ன என்று சொல்லிவிடுவார் என்று பேர் வாங்கிய மனிதர் கில்பர்ட் அண்ணன். அவர் இதை நம்பியிருப்பாரா?

அக்காவின் கண் சட்னியை விட்டு நகர்ந்து மேசையில் கிடந்த கயிற்றுக்கு வந்தது. அதை எடுத்தார். குறுக்கும் நெடுக்கும் கட்டி, ஓரத்தில் ஒரு வளையம் விட்டு, இழுத்தால் முழுசும் கழன்றுவிடுகிற கட்டு. கிறிஸ்துமஸ் கேக் பெட்டிக்கும், விழா ஸ்டாலின் பாட்டில் மூடித் துணிக்கும் அண்ணன் போடுகிற அதே தபால் ஆபீஸ் கட்டு. அடுப்படி விஷயத்தில் அவருக்கு அக்கா கொடுத்திருந்த ஒரே அனுமதி அது. அதனால்தான் அக்காவின் விரல் கத்தரிக்கோலுக்குக் காத்திருக்கவில்லை. விரலுக்கு முதலிலேயே தெரிந்திருக்கிறது.

"பூசைக்குப் போறேன்னாரே" என்றார் அக்கா, யாரிடமென்று இல்லாமல்.

நிருபமா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இனிமேல் மறைத்துப் பயனில்லை என்று நினைத்திருக்க வேண்டும்.

"ஆபீஸ் டீமோட அங்க சாப்பிடப் போனப்ப கிச்சன் கண்ணாடிக்கு அந்தாண்ட மாமா நின்னாரு. தலையில தொப்பி, இடுப்புல ஏப்ரன். முதல்ல பார்சல் கட்டத்தான் எடுத்துக்கிட்டாங்களாம். ஒரு நாள் வெங்காயம் நறுக்கற ஆள் வரல. மாமா நறுக்கியிருக்காரு. அப்புறம் அப்படியே சட்னியும்... எங்கிட்ட கையெடுத்துக் கும்பிட்டாரு அத்தை, உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு. மாமா கும்பிட்டா நான் என்ன பண்றது? பையில குடுத்தது அவரோட சுகர் மாத்திரை. மறந்துட்டுப் போயிட்டாரு."

சுகர் மாத்திரை! நான் சுவரில் மாட்டியிருந்த அன்னை மரியாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"இந்த வீட்ல அடுப்பில்லியா?" அக்காவின் குரல் உடைந்தது. "இங்க பண்ண வேண்டியதுதானே!"

"ரிட்டையர் ஆன மறுநாள் கேட்டாராமே, நானும் கூட நிக்கட்டுமா மௌரீன்னு. நீங்க என்ன சொன்னீங்க?"

அக்கா கயிற்றை மேசையில் வைத்தார். நான் சொல்லியிருப்பேன், ஜன்னல் வழியாக எனக்கே கேட்டது. 'இந்த அடுப்படிக்கு ரெண்டு கை போதும். நீங்க போய் பேப்பர் படிங்க.'

நிருபமாவின் போன் சிணுங்கியது. படித்துவிட்டு அக்கா பக்கம் திருப்பிக் காட்டினாள். சஞ்சய். புதன்கிழமை காலை லாரி சொல்லியாகிவிட்டது. அம்மா கோபமாக இருக்கிறாள், பேச்சை வளர்க்காமல் சாமானைக் கட்டிவிடு.

"நான் இப்பவே அவன்கிட்டப் பேசறேன். லாரி வேணாம்னு சொல்லிடறேன்."

"ஏன் அத்தை? நீங்க காலையிலயே முடிவு பண்ணிட்டீங்கல்ல? இன்னிக்கி சட்னி. நாளைக்கி வேற ஏதாவது." அவள் எழுந்தாள். கோபமாகக்கூட இல்லை, களைப்பாக இருந்தாள். "மாமா வந்தா திட்டாதீங்க. நின்னு நின்னு கால் வீங்கியிருக்கும்."

மாடிப்படி ஏறும் சத்தம். அப்புறம் மேலே அட்டைப்பெட்டி இழுபடும் சத்தம்.

நான் கிளம்பியிருக்க வேண்டிய நேரம் அதுதான். கிளம்பவில்லை. உங்களுக்காகத்தான்.

மதியம் கேட் திறந்தது. கில்பர்ட் அண்ணன், காலையில் போன அதே வெள்ளைச் சட்டையில், மடிப்புக் கலையாமல் வந்தார். அங்கே போய் மாற்றிக்கொள்வார் போலிருக்கிறது.

"இன்னிக்கி பிரசங்கம் நீளமோ?" என்றார் அக்கா.

"நீளந்தான். ஃபாதர் விடல" என்றார் அண்ணன், கூசாமல்.

செருப்பைக் கழற்றிவிட்டு மேசைப் பக்கம் வந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மேசையில் கயிறு கிடந்தது. அதைக் கையில் எடுத்தார். கிடக்கிற கயிறு எதையும் அவர் விடுவதில்லை. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் எட்டுப் போட்டுச் சுற்றி, நுனியை உள்ளே சொருகி, சட்டைப் பையில் போடப் போனார். பை வரை போன கை அங்கேயே நின்றது.

மெல்லத் திரும்பி மேசையைப் பார்த்தார். பாதி முட்டை. வழித்த கிண்ணம். அக்காவின் ஸ்பூன்.

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வீடுவரை கேட்கும் ஒரு சண்டைக்கு நான் தயாரானேன். நான் அங்கேயே நின்றிருந்ததால் என் வீடுவரை கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

அண்ணன் தப்பிக்கப் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பரீட்சை எழுதிவிட்டு வந்த பையன் மாதிரி தொண்டையைக் கனைத்தார்.

"எப்படி இருந்துச்சு மௌரீன்?"

இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வி அந்தப் பக்கத்திலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. அக்கா கிண்ணத்தைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"ம்."

மேலே, பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் சர்ர் சர்ரென்று கேட்டுக்கொண்டே இருந்தது.